பச்சைப் பட்டில் எலிக்கடி

ஜவுளிக்கடை, முதல் மாடி
ஜனவரி 8

அன்பு மருமகளுக்கு உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் கருங்கல் மாதிரி இருக்கிறோம். அங்கே நீயும் உன் அம்மா, அதுதான் என் அக்காவும் எப்படி? சளி, காய்ச்சல் ஒன்றும் அண்டவில்லையே?

உன் கல்யாணச் செய்தி வந்தபோது நான் ஏணியின் உச்சிப்படியில் நின்று பட்டுப்புடவை அடுக்கிக்கொண்டிருந்தேன். படித்த அதிர்ச்சியில் ஒரு அலமாரிப் பட்டு மொத்தமும் என் தலைமேல் சரிந்தது. என்னைத் தோண்டி எடுக்கக் கடை முழுக்கத் திரண்டது. அத்தை கேட்டுவிட்டு, "ரெண்டு புடவை விழுந்ததுக்கு இவ்வளவா" என்கிறாள். அவள் அங்கே இல்லை, அவளுக்கு என்ன தெரியும். என் தோளில் உட்கார்ந்து என் சட்டையில் மூக்கைத் துடைத்தவளுக்குக் கல்யாணமா? ஏப்ரல் கடைசியிலா? இன்னும் நம்ப முடியவில்லை.

சரி, புடவைக்கு வருவோம். உன் மாமன் யார் என்று மாப்பிள்ளைக்குச் சொன்னாயா? இந்தக் கடையில் பொம்மைகள் எத்தனையோ நிற்கின்றன, ஆனால் "பொம்மை" என்றால் அது நான்தான். பேன்ட் சட்டை மேலேயே பட்டைச் சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானை போட்டு, வாங்க வந்தவள் முன்னால் நிற்பேன். மற்றவன்கள் எல்லாரும் நேர்க்கட்டு கட்டுவான்கள். நான் மட்டும் இடம் வலம் மாற்றிக் கட்டுவேன். எதிரே நிற்கிறவளுக்குக் கண்ணாடியில் தன்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். அதற்குக் கண்ணாடிக் கட்டு என்று நானே பெயர் வைத்தேன். ஒரு அம்மாள் வாங்கிப்போன புடவையை மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். "இது உங்களுக்கு நல்லாயிருந்துச்சு, எனக்கு நல்லாயில்ல" என்றார். அப்பேர்ப்பட்ட உடம்பு.

என்ன நிறம், என்ன கரை என்று எழுது. இன்னொன்று, அக்கா ஏன் ஒரு வரியும் எழுதவில்லை? தட்டச்சு ஆசிரியை அல்லவா, ஓரம் பிசகாமல் ஆபீஸ் ஓலை மாதிரி மாதம் ஒன்று அடித்து அனுப்புவாளே. கோபமா?

உன் பதிலை எதிர்பார்க்கும்,
மாமன்


மூன்றாம் மாடி வீடு
ஜனவரி 20

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். நீங்கள் இருவரும் நலம் என்று அறிந்து சந்தோஷம். நாங்கள் இருக்கிறோம்.

அம்மாவுக்குக் கோபம் எல்லாம் இல்லை. தட்டச்சு மிஷினில் கொஞ்சம் கோளாறு, அவ்வளவுதான்.

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அம்மா என் கல்யாணத்துக்கு வரப்போவதில்லை என்கிறாள். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கும், என்னைவிட அவரோடுதான் அதிகம் பேசுகிறாள். அது காரணம் இல்லை. என்ன காரணம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள், சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டு நேரா வீட்டுக்கு வாங்க, நான் இங்கயே வாழ்த்துறேன்" என்கிறாள்.

அப்பா போன பிறகு எனக்கு எல்லாமே அவள்தான். அவள் இல்லாமல் நான் அந்த மண்டபத்தில் போய் நிற்கமாட்டேன். ஒன்று அவள் வர வேண்டும், இல்லை கல்யாணம் தள்ளிப்போக வேண்டும். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன்.

எனக்குப் புடவை அப்புறம் பார்க்கலாம் மாமா. முதலில் அம்மாவுக்கு ஒன்று பாருங்கள். அவள் மறுபடியும் கண்ணாடி முன்னால் போய் நிற்கிற மாதிரி ஒன்று.

அன்புடன்,
மருமகள்


ஜவுளிக்கடை, முதல் மாடி
ஜனவரி 29

என் செல்ல மருமகளுக்கு. உடம்பு நலம், மனசுதான் இடிந்து போய்விட்டது. அக்கா எப்படி இருக்கிறாள்? நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அளந்துகொண்டிருந்த துணியைக் கீழே போட்டேன். பெற்றவள் வராத கல்யாணமா? என் அக்காவா அப்படிச் சொன்னாள்? கூட்டம் என்றால் முதல் ஆளாய் நிற்பவள் ஆயிற்றே. அவள் கொசுவ மடிப்பில் காகிதம் வெட்டலாம் என்று அவளிடம் படித்த பெண்களே சொல்வார்கள்.

நீ காரணம் சொல்ல வேண்டாம், நான் கண்டுபிடித்துவிட்டேன். முப்பது வருஷமாய்ப் பெண்களின் முகத்தைப் படிக்கிறேன். நல்ல புடவை இல்லை, அதுதான். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. இந்த உலகத்தில் பாதிச் சண்டை நல்ல புடவை இல்லாததால்தான் வருகிறது, மீதிப் பாதி இருப்பதால் வருகிறது.

கவலையை விடு. கைத்தறிப் பட்டு எடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் பிறக்கவில்லை. முகப்பைப் பார்த்து மயங்குகிறவன் முட்டாள். நான் நேராய்ப் பின்பக்கத்தைத் திருப்புவேன். மிஷினில் நெய்தது பின்னாலும் வழவழவென்று ஒரே மாதிரி இருக்கும். கையால் நெய்ததில் அங்கங்கே ஒரு முடிச்சு, ஒரு இழை தடித்தும் இளைத்தும் இருக்கும். ஓரத்தில் ஊசிக்குத்துப் போல வரிசையாய்ச் சின்னத் துளைகள் தெரியும், தறியில் இழுத்துப் பிடித்த அடையாளம். பிரிந்த நூல் ஒன்றைக் கொளுத்தினால் தலைமுடி பொசுங்கின வாடை வர வேண்டும். பிளாஸ்டிக் வாடை வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. நான் இப்போது கொளுத்தாமலே, சும்மா முகர்ந்து பார்த்தே எந்தப் பூச்சி சுற்றின நூல் என்று சொல்லிவிடுவேன்.

அக்காவுக்கு ஒன்றை எடுத்து ஒதுக்கி வைத்திருக்கிறேன். அரக்கு நிறம், முழங்கை அகலத்துக்கு ஜரிகைக் கரை. தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். அதைக் கட்டிக்கொண்டு அவள் நடந்தால் மண்டபம் ஒரு பக்கம் சாயும். அனுப்பட்டுமா?

பதிலைத் தபால்காரன் வாயிலிருந்தே பிடுங்கக் காத்திருக்கும்,
மாமன்


மூன்றாம் மாடி வீடு
பிப்ரவரி 10

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். அத்தையின் முழங்கால் வலி பரவாயில்லையா? இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

அரக்குப் புடவை வேண்டாம் மாமா. கோபித்துக்கொள்ளாதீர்கள். கனமே இல்லாத பட்டாக இருக்க வேண்டும். வழுக்கக் கூடாது. கரை சின்னதாக இருந்தால் போதும்.

இன்னும் சில சந்தேகங்கள். கொசுவத்தை முன்கூட்டியே மடித்துத் தைத்து வைத்துவிட முடியுமா, பாவாடை மாட்டுகிற மாதிரி மாட்டிக்கொள்ள? இடுப்பில் செருகுவதற்குப் பதிலாக ஒட்டு நாடா, கரகரவென்று பிரிக்கிறோமே அது, வைத்துத் தைக்கலாமா? ரவிக்கைக்குக் கொக்கி இல்லாமல் முன்பக்கம் அதே நாடா வைக்கலாமா? வலது கை மட்டும் தொளதொளவென்று இருக்கட்டும்.

பட்டில் தைல எண்ணெய் பட்டுவிட்டால் எப்படி எடுப்பது?

அம்மா மனம் மாறவில்லை. அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மருமகள்


ஜவுளிக்கடை, முதல் மாடி
பிப்ரவரி 18

மருமகளே, நலமாய் இருந்தேன், உன் கடிதம் வரும்வரை.

ஒட்டு நாடாவா? பட்டிலா? வாய்விட்டுப் படித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற முதலாளிக்குத் தேநீர் புரையேறிவிட்டது. "யாருய்யா அது, செருப்புக்கடைக்காரியா?" என்றார். "என் அக்கா மகள்" என்று சொல்ல நாக்கு வரவில்லை மருமகளே. "பக்கத்து வீட்டுப் பொண்ணு" என்று சொன்னேன். அலமாரியில் இருந்த புடவைகள் எல்லாம் ஒரு தடவை நடுங்கின, நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்த நாடாவில் ஒரு பக்கம் முழுக்கக் கொக்கி, தெரியுமா? பட்டு இழை பட்டால் பூனை நகத்தில் மாட்டின கதைதான், ஒன்றை இழுத்தால் ஒன்பது வரும். கொசுவத்தைத் தைத்து வைத்தால் மடிப்பிலேயே பட்டு இற்றுப்போகும். பட்டு என்பது மூச்சு விடுகிற சாமான். அதைத் தைத்துப் போட்டால் அது புடவை இல்லை, திரைச்சீலை. அதிலும் யாருக்கு? நின்ற நிற்பில், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையில் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டே மறுகையால் கொசுவம் எடுக்கிற என் அக்காவுக்கு.

புரிந்துவிட்டது, அவள் குண்டாகிவிட்டாள். அதற்குத்தானே இத்தனை மூடுமந்திரம்? வலது கை மட்டும் தொளதொள என்றால் என்ன கணக்கு என்றுதான் புரியவில்லை. ஒரு கை மட்டும் குண்டாகிற ஆளை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. தையல்காரனைக் கேட்டேன், அவனும் பார்த்ததில்லை என்றான்.

எண்ணெய்க் கறைக்கு வழி கேட்டாய். தண்ணீர் தொடாதே, தேய்க்காதே. முகப்பவுடரைக் கொட்டி ஒரு ராத்திரி விட்டுவிடு, எண்ணெயை அது குடித்துவிடும். காலையில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடு. போகாவிட்டால் எனக்கு அனுப்பு. இந்த வைத்தியத்தை நான் ஒரு மந்திரி வீட்டுப் புடவைக்கே செய்திருக்கிறேன். மந்திரி இல்லை, மந்திரி கார் ஓட்டுகிறவர் வீடு என்று அத்தை திருத்துகிறாள். கார் ஒன்றுதானே.

அக்காவை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல். மிஷின் கெட்டால் கை இல்லையா?

அதிர்ச்சி தெளியாத,
மாமன்


மூன்றாம் மாடி வீடு
மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சில நாள் எழுத முடியவில்லை. நீங்கள் தப்பாக ஒன்றும் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாது.

இதோடு ஒரு பார்சல் அனுப்புகிறேன். அம்மாவின் பச்சைப் பட்டு. உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள்தான் கடையில் சேர்ந்த முதல் வருஷம் எடுத்துக் கொடுத்தீர்கள். பயிற்சி நிலையத்தில் பரீட்சை நாள் என்றால் அதைத்தான் கட்டிக்கொண்டு போவாள். வேறு எந்தப் புடவையை விரித்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கட்டினால் இதைத்தான் கட்டுவாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை நான் தேடி எடுத்தேன். வழக்கமான இடத்தில் இல்லை. அவள் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில், போர்வைகளுக்குப் பின்னால் சுருட்டிச் செருகியிருந்தது. அம்மா ஒரு கைக்குட்டையைக்கூடச் சுருட்டி வைத்து நான் பார்த்ததில்லை. அங்கங்கே தைல எண்ணெய்க் கறை. கரையோரத்தில் ஃபால்ஸும் பிரிந்திருக்கிறது. சரி செய்து அனுப்புங்கள். நான் அனுப்பியது அம்மாவுக்குத் தெரியாது.

மண்டபத்துக்காரர் உறுதி கேட்கிறார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
மருமகள்


ஜவுளிக்கடை, முதல் மாடி
மார்ச் 11

மருமகளுக்கு மாமன் எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் வீட்டு நலம்தான் எனக்குப் பெரும் சந்தேகமாய் இருக்கிறது.

பார்சலைப் பிரித்தேன். பிரித்த கையோடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இதுவா அந்தப் பச்சை? கிளி இறகு மாதிரி இருந்ததே. இதைக் கசக்கி, எண்ணெய் பூசி, பந்து மாதிரி சுருட்டி, சீச்சீ. கறை போகட்டும், பவுடர் போட்டு எடுத்துவிட்டேன். ஆனால் கொசுவம் வருகிற இடத்தில் பார்த்தாயா? எலி கடித்திருக்கிறது. சாதாரண எலி இல்லை, பெருச்சாளி. பூனைக்குட்டி அளவு இருக்கும். அந்தப் பல்லைப் பார்த்தால் பூனையைச் சாப்பிட்டுவிட்டு வந்த பெருச்சாளி என்றுதான் சொல்வேன். மூன்றாம் மாடிக்கு அது லிஃப்டில் ஏறி வந்ததா?

பட்டை எப்படி வைப்பது என்று இந்தக் குடும்பத்துக்கு நான் சொல்ல வேண்டிய காலம் வந்ததே. எழுதிச் சுவரில் ஒட்டு. கட்டி அவிழ்த்த புடவையை உடனே மடிக்காதே, நிழலில் காற்றாட விடு, வேர்வை போகட்டும். வெயிலில் போடாதே, நிறம் ஓடிவிடும். பழைய பருத்தித் துணியில் சுற்றி வை. பிளாஸ்டிக் பையில் போட்டால் ஜரிகை கறுத்துவிடும். அந்துருண்டையைப் புடவைமேலே வைக்காதே, ஓரமாய்த் துணியில் முடிந்து வை. சில மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து வேறு இடத்தில் மடி. ஒரே மடிப்பில் கிடந்தால் மனுஷன் இடுப்பு மாதிரி அதற்கும் பிடித்துக்கொள்ளும், ஒரு நாள் பிரிக்கும்போது மடிப்போடு கிழியும்.

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். எனக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள். அதனால்தான் அதிர்ந்து போயிருக்கிறேன். உங்கள் வீட்டில் என்னதான் நடக்கிறது?

முதலில் எலிப்பொறி வாங்கு.

மாமன்


மூன்றாம் மாடி வீடு
மார்ச் 17

மாமாவுக்கு வணக்கம். நலம்.

எங்கள் வீட்டில் எலி கிடையாது. இந்தக் கட்டடத்திலேயே கிடையாது, காவல்காரரையும் கேட்டுவிட்டேன். நான் அனுப்பும்போது எண்ணெய்க் கறையை மட்டும்தான் பார்த்தேன், கொசுவப் பக்கத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. எந்த இடத்தில் கடித்திருக்கிறது? எவ்வளவு? இன்னொரு தடவை நன்றாகப் பார்த்து எழுதுங்கள்.

மருமகள்


ஜவுளிக்கடை, முதல் மாடி
மார்ச் 23

மருமகளுக்கு.

பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன்.

எலி கடித்தால் துணி போய்விடும், ஓட்டை விழும். இதில் ஒரு இழைகூடக் காணாமல் போகவில்லை. நசுங்கியிருக்கிறது. பிறை மாதிரி வளைந்த தடம். ஒரு தடம் இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல. எல்லாம் ஒரே இடத்தில். ஒவ்வொரு தடத்திலும் நடுவில் ஒரு சந்து விட்டிருக்கிறது.

முன்பல் இரண்டுக்கும் நடுவே அப்படிச் சந்து உள்ளவள் எங்கள் வீட்டில் ஒருத்திதான். சின்ன வயதில் அந்தச் சந்து வழியாகத்தான் விசில் அடிப்பாள்.

வீட்டுக்குப் போய் அத்தையின் பழைய புடவை ஒன்றை எடுத்து, என் வலது கையைத் துண்டால் முதுகோடு கட்டிவிடச் சொன்னேன். "என்ன கூத்து இது?" என்றாள். "கை சுளுக்கினா எப்படிக் கட்டிக் காட்டுறதுன்னு பழகுறேன்" என்றேன். ஒரு கையால் கட்டிப் பார்த்தேன். ஒரு சுற்று வந்தது. கொசுவம் எடுக்க ஆரம்பித்ததும் பிடித்துக்கொள்ள இடம் இல்லை. நாலு மடிப்பு எடுத்தால் மூன்று நழுவுகிறது. நான் நினைக்கவே இல்லை, வாய் தானாகப் போய்க் கவ்வியது. அவிழ்த்துப் பார்த்தேன். என் பல் பட்ட இடமும் பச்சைப் புடவையில் இருக்கிற இடமும் ஒன்றே.

ஒட்டு நாடா, தொளதொள ரவிக்கை, தைல எண்ணெய். நீ எல்லாம் சொல்லியிருக்கிறாய், நான்தான் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன்.

அக்காவின் வலது கைக்கு என்ன ஆயிற்று?

கடையில் யாரிடமும் சொல்லவில்லை. அத்தையிடமும் சொல்லவில்லை.

மாமன்


மூன்றாம் மாடி வீடு
மார்ச் 31

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். படித்து முடித்ததும் அதை ஈரத்தில் போட்டுவிட்டேன்.

நவம்பரில் ஒரு காலை, வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதே அம்மாவுக்கு வலது பக்கம் இழுத்துவிட்டது. பக்கவாதம். பேச்சு முழுக்கத் திரும்பிவிட்டது. கால் கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் நடக்கிறாள். கை மட்டும் வரவில்லை. தினமும் தைலம் தேய்த்து நீவிவிடுகிறோம். மருத்துவர் வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம். "அவன்கிட்ட சொன்னா கை போனதைக் கால் போச்சு, தலை போச்சுன்னு கடை முழுக்கப் பரப்பிடுவான். கேட்டவங்க எல்லாம் துக்கம் விசாரிக்க ரயிலேறி வந்துடுவாங்க" என்றாள். மன்னித்துக்கொள்ளுங்கள், அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

கல்யாணத்துக்கு வர மறுப்பதும் அதனால்தான். நான் கட்டிவிடுகிறேன் என்று சொன்னேன். "பொம்மைக்குக் கட்டுற மாதிரி எனக்கு யாரும் கட்டிவிட வேண்டாம். நானே கட்டிக்கிட்டா வருவேன், இல்லன்னா வரமாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. அவளுக்கு வர விருப்பமே இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா, நான் காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் திரும்புகிறேன். பகல் முழுக்க அவள் தனியாக இருக்கிறாள். நான் வரும்போது நைட்டியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். "என்னம்மா செஞ்ச?" என்று கேட்டால், "தூங்கினேன்" என்பாள்.

தூங்கவில்லை போலிருக்கிறது.

ஒன்றன்மேல் ஒன்றாக என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை என்று நான் கேட்கமாட்டேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தால் அந்த முயற்சியையும் விட்டுவிடுவாள்.

மருமகள்


ஜவுளிக்கடை, முதல் மாடி
ஏப்ரல் 7

தேவரீர் அக்கா அவர்களுக்கு, கடையின் நிரந்தரப் பொம்மையும் உன் உடன்பிறப்புமான தம்பி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய், இரும்பு.

உன் பச்சைப் பட்டை உன் மகள் பாலிஷ் போட அனுப்பியிருந்தாள். போட்டு இதோடு அனுப்புகிறேன். கொசுவத்தில் எலி கடித்திருந்தது. இழை அறவில்லை, அதனால் தைக்காமல் விட்டுவிட்டேன். மடிப்புக்கு உள்ளே போய்விடும், தெரியாது.

அக்கா, நீ மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்தால் உலகம் போகிற போக்கு எங்கே தெரியப்போகிறது. இப்போது மோஸ்தரே மாறிவிட்டது. முந்தானை வலது தோளில்தான். என் கண்ணாடிக் கட்டை இத்தனை வருஷமாய் எதிரே நின்று பார்த்துப் பார்த்துப் பெண்கள் அப்படியே கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய இடத்துப் பெண்கள் எல்லாம் இடது கையால் மட்டுமே கட்டுகிறார்கள். வலது கை பட்டால் பட்டிக்காடு என்று சிரிக்கிறார்கள். முந்தானையை ஊக்குப் போட்டு இறுக்காமல் வலது கைமேல் தளர விட்டுவிட வேண்டும், விரல் நுனிவரை. கை வெளியே தெரிவது நாகரிகம் இல்லையாம். காலம் கெட்டுக் கிடக்கிறது, நான் என்ன செய்ய.

முறை சொல்கிறேன். பாவாடைக்கு நாடா முடிகிற வழக்கமே போய்விட்டது, இலாஸ்டிக் வைத்தது அனுப்பியிருக்கிறேன். முதல் செருகல் இடது பக்கம். செருகியதும் மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொள், அது பிடித்துக்கொள்ளும். கொசுவத்தை மேசைமேல் போட்டு உட்கார்ந்தே மடி. மடித்ததைப் பல்...

மடித்ததைக் கிளிப்பால் பிடி. துணி காயப்போடுகிற மரக் கிளிப்தான், வாய்க்குள் வெல்வெட் ஒட்டியிருக்கிறேன், பட்டு நசுங்காது. கிளிப்போடு சேர்த்து இடுப்பில் செருகிவிட்டுக் கிளிப்பை உருவிவிடு. முந்தானையை இடது கையால் வீசினால் வலது தோளுக்குத் தானாகப் போகும், வீசித்தான் பாரேன். ரவிக்கைக்கு முன்பக்கம் ஒட்டு நாடா வைத்திருக்கிறேன், அடியில் பருத்திப் பட்டை கொடுத்துத் தைத்தது. ஒட்டு நாடாவைப் பற்றி உன் மகளிடம் நான் ஏதோ பேசியதாகக் கேள்விப்பட்டால் நம்பாதே, அவள் கூட்டிச் சொல்கிறவள்.

எல்லாம் நானே கட்டிப் பார்த்தது. முதலாளி பார்த்துவிட்டு, "ஏன்யா ஒரு கையால கட்டுற?" என்றார். "சுளுக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஏப்ரல் கடைசியில் பார்க்கலாம்.

தம்பி


மூன்றாம் மாடி வீடு
ஏப்ரல் 19

தம்பிக்கு,

நலம். நீயும் உன் மனைவியும் நலமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை இடது கையால் அடிக்கிறேன். மிஷினில் கோளாறு எதுவும் இல்லை. என்னிடம் படிக்கிறவள் இப்படி ஒரு கடிதத்தை அடித்துக் கொடுத்தால் கிழித்துப் போட்டிருப்பேன். ஓரம் எல்லாம் போய்விட்டது. பொறுத்துக்கொள்.

உன் புது மோஸ்தரைப் பற்றிப் படித்தேன். இவ்வளவு பெரிய பொய்யை நீ இதுவரை சொன்னதில்லை, அதுவும் என் கைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. அதனால் என் மகளைக் கூப்பிட்டு உன் மற்றக் கடிதங்களையும் கேட்டேன். முதலில் இல்லை என்றாள். பிறகு அழுதாள். பிறகு கொடுத்தாள். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். துண்டால் கையைக் கட்டிக்கொண்டதையும்.

நானும் அழலாம் என்று உட்கார்ந்தேன், பூனையைத் தின்ற பெருச்சாளி வந்து சிரிக்க வைத்துவிட்டது.

நேற்றுக் கட்டினேன். முதல் தடவை அவிழ்ந்தது. இரண்டாம் தடவை நின்றது. மகள் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள், உள்ளே வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். கதவைத் திறந்ததும், அழைப்பிதழ் கொடுக்க அச்சகத்துக்குப் போகிறேன் என்று செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

கொசுவம் பழைய மாதிரி இல்லை. காகிதம் வெட்டாது. பரவாயில்லை, மண்டபத்தில் யாரும் காகிதம் கொண்டுவரப்போவதில்லை.

நீ வா. வந்து எனக்குக் கட்டிவிடுகிறேன் என்று நிற்காதே, முன்வரிசையில் உட்கார். இது எந்த மோஸ்தர் என்று யாராவது கேட்டால் நீ எழுதினதையே சொல், நானும் அதையே சொல்கிறேன். கைக்கு என்ன என்று கேட்டால் அதை நானே சொல்லிக்கொள்வேன்.

ஒன்று மட்டும். உட்காரும்போது மடிப்பு விலகி அந்தத் தடம் வெளியே தெரிகிறது. யாராவது பார்த்துவிட்டுக் கேட்டால் எலி என்றே சொல். எலி. அத்தோடு நிறுத்து. பெருச்சாளி ஆக்கிவிடாதே.

அக்கா